கிங் கிரிம்சன் தன் முதல் அமெரிக்கப் பயணத்திலேயே உடைந்தது ஏன்?

கேள்வி இதுதான்: 1969 அக்டோபரில் முதல் ஆல்பம் வெளியாகி இங்கிலாந்தே பேசிக்கொண்டிருந்த ஒரு ராக் குழு, அடுத்த இரண்டே மாதத்தில் முதல் அமெரிக்கப் பயணத்தை முடிப்பதற்குள் ஏன் கலைந்தது? அந்தப் பயணத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு?

சுருக்கமாகச் சொன்னால், பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. தோல்வியும் இல்லை. கிங் கிரிம்சனை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தது ஓயாமல் சேர்ந்து வாசித்த பழக்கம். அமெரிக்கப் பயணம் அவர்களிடமிருந்து பறித்தது அதைத்தான். கச்சேரிக்கும் கச்சேரிக்கும் நடுவே நீண்ட வெற்று நாட்கள், விமான நிலையங்கள், ஓட்டல் அறைகள். வாசிக்கும் நேரத்தில் அவர்களைத் தொட ஆளில்லை. வாசிக்காத நேரத்தை அவர்களால் தாங்க முடியவில்லை. இதைப் புரிந்துகொள்ள முதல் வருடத்தின் வேகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கதை தொடங்குவது கைல்ஸ், கைல்ஸ் அண்ட் ஃப்ரிப் என்ற மூவர் குழுவில். மைக்கேல் கைல்ஸ் டிரம்ஸ், அவர் தம்பி பீட்டர் கைல்ஸ் பேஸ், ராபர்ட் ஃப்ரிப் கிடார். 1968-ல் ஒரு ஆல்பம் போட்டார்கள். அதை வாங்க ஆளில்லை. அந்தச் சமயத்தில் இயன் மெக்டொனால்டு வந்து சேர்ந்தார். சின்ன வயதிலேயே ராணுவத்தில் சேர்ந்து, அங்கே பேண்டு இசைக்கலைஞராகப் பயிற்சி பெற்றவர். சாக்ஸபோன், புல்லாங்குழல், கிளாரினெட், கீபோர்டு எல்லாம் வாசிப்பார். முக்கியமாக, பாட்டு அமைக்கத் தெரிந்தவர். அவரோடு கூடவே பாடலாசிரியர் பீட்டர் சின்ஃபீல்டு வந்தார். பீட்டர் கைல்ஸ் விலகியதும் அந்த இடத்துக்கு ஃப்ரிப்பின் பழைய நண்பர் கிரெக் லேக் வந்தார். இருவரும் டார்செட் பகுதிப் பையன்கள். ஒரே ஆசிரியரிடம் கிடார் கற்றவர்கள். லேக்கும் கிடார்காரர்தான், இந்தக் குழுவுக்காக பேஸை எடுத்தார். குரல் என்றால் அப்படி ஒரு குரல்: கனமாக, தெளிவாக, கோயில் மணிபோல் நின்று ஒலிப்பது.

1969 ஜனவரி 13 அன்று லண்டன் ஃபுல்ஹாம் பேலஸ் சாலையில் ஒரு காப்பிக் கடையின் நிலவறையில் ஒத்திகை தொடங்கியது. மெக்டொனால்டின் உறவினர் ஒருவர் கடன் கொடுத்ததால் கருவிகள் வாங்க முடிந்தது. கிங் கிரிம்சன் என்று பெயர் வைத்தவர் சின்ஃபீல்டு. அவர் எந்த வாத்தியமும் வாசிக்காத முழு உறுப்பினர். பாட்டு எழுதுவார், மேடைக்கு விளக்கு அமைப்பார். அந்த விளக்குகளும் அவரே தட்டிக்கொட்டிச் செய்தவைதான்.

ஏப்ரல் 9-ல் ஸ்பீக்கீஸி கிளப்பில் அதிகாரபூர்வமான முதல் கச்சேரி. அங்கிருந்து எல்லாம் தலைதெறிக்கும் வேகம். மார்க்கீ கிளப்பில் தொடர்ந்து கச்சேரிகள். மே மாதத்தில் பிபிசி வானொலியில் ஜான் பீல் நடத்திய நிகழ்ச்சிக்குப் பதிவு. ஒரு கிளப்பில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கையில் கட்டோடு வந்து கேட்டுவிட்டு, ஃப்ரிப்பிடம் இடது கையை நீட்டி, இதயத்துக்கு இதுதான் பக்கம் என்று சொல்லிக் கைகுலுக்கியதை ஃப்ரிப் பல முறை சொல்லியிருக்கிறார். பில் புரூஃபோர்டு அப்போதுதான் யெஸ் குழுவில் டிரம்ஸ் வாசிக்கத் தொடங்கியிருந்தார். கிரிம்சனை நேரில் கேட்டுக் கலங்கிப்போனவர்களில் அவரும் ஒருவர். 1972-ல் யெஸ் உச்சத்தில் இருந்தபோது அதை விட்டுவிட்டு அவர் கிரிம்சனில் சேர்ந்ததற்கு விதை அந்த 1969 மேடைதான்.

ஜூலை 5 ஹைட் பார்க். ரோலிங் ஸ்டோன்ஸின் இலவசக் கச்சேரி. அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிரையன் ஜோன்ஸ் இறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கூட்டத்தை இரண்டரை லட்சம் என்பார்கள், ஐந்து லட்சம் என்பாரும் உண்டு. முதல் கச்சேரி நடந்து மூன்று மாதம்கூட ஆகாத, கையில் ஒரு ரெக்கார்டும் இல்லாத குழு அந்தக் கடலுக்கு முன் ஏறியது. முக்கால் மணி நேரத்துக்குள் வாசித்து முடித்தது. மறுநாளே மார்க்கீ கிளப்பில் வழக்கம்போலக் கச்சேரி. அதன் பதிவும் இருக்கிறது. இந்தக் குழுவின் குணம் இந்த இரண்டு நாட்களில் தெரியும். பெருங்கூட்டத்தின் முன் வாசித்துவிட்டு மறுநாள் புழுக்கமான சிறிய கிளப்புக்குத் திரும்புவதில் அவர்களுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. வாசிக்க இடம் இருந்தால் போதும்.

ஆல்பம் பதிவான கதையையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். மூடி புளூஸுக்குத் தயாரிப்பாளராக இருந்த டோனி கிளார்க்கை வைத்து முதலில் முயன்றார்கள், சரிவரவில்லை. பிறகு வெசெக்ஸ் ஸ்டூடியோவில் தாங்களே தயாரித்தார்கள். ஜூலை, ஆகஸ்டில் வேலை முடிந்தது. ‘இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்’ அக்டோபர் 10 அன்று ஐலண்டு நிறுவனத்தில் வெளியானது. அட்டையில் அலறும் அந்தச் சிவந்த முகத்தை வரைந்த பேரி காட்பர் அடுத்த பிப்ரவரியில் இறந்துபோனார்; வயது 24. ஆல்பம் இங்கிலாந்துப் பட்டியலில் 5-ம் இடம் வரை ஏறியது. அமெரிக்காவில் அட்லாண்டிக் வெளியிட்டு 28-ம் இடம் பிடித்தது.

வெளியான பத்தொன்பதாம் நாள் அமெரிக்கப் பயணம் தொடங்கிவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான ரசிகர்கள் அந்தக் குழுவை ஆல்பத்தின் வழியாக மட்டுமே அறிந்திருக்கிறார்கள். ஆல்பம் மகத்தானது, மறுக்கவில்லை. ஆனால் மேடையில் அவர்கள் வேறு குழு. ஆல்பத்தில் ஐந்து பாட்டுகள், எல்லாம் அளந்து செதுக்கியவை. மேடையிலோ ஆல்பத்தில் இல்லாத சரக்கு ஏராளம். டோனவனின் ‘கெட் தை பேரிங்ஸ்’ என்ற சிறிய பாட்டை எடுத்துக்கொண்டு அதைப் பத்து நிமிடத்துக்கும் மேல் இழுத்து, சாக்ஸும் டிரம்ஸும் மோதும் களமாக்குவார்கள். ‘எ மேன், எ சிட்டி’, ‘ட்ராப் இன்’, ‘மந்த்ரா’, ‘ட்ராவல் வியரி கேப்ரிகார்ன்’ எல்லாம் மேடைக்கே உரியவை. ஒன்றில் தொடங்கி எழுதப்படாத பாதை வழியாக இன்னொன்றுக்குப் போய்ச் சேருவார்கள். கர்நாடக இசைக் கேள்வி உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: கிருதி ஆல்பத்தில் இருக்கிறது, மனோதர்மம் மேடையில் இருக்கிறது. மனோதர்மத்துக்கு வேண்டியது தினசரிப் பழக்கம், உடன் வாசிப்பவர் மூச்சு எடுப்பதைக்கூட உணரும் நெருக்கம். அந்த நெருக்கத்துக்கு இடைவெளி ஆகாது.

மேடையின் நடுவில் மெல்லோட்ரான். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பயணத்தின் பாடு முழுக்க இந்தக் கருவிக்குள் தெரியும். பர்மிங்ஹாமில் தயாரான கீபோர்டு இது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த நாடா. அந்த நாடாவில் வயலின் கூட்டமோ புல்லாங்குழலோ அந்த ஸ்வரத்தை வாசித்த பதிவு. கட்டையை அழுத்தினால் நாடா உருளையோடு ஒட்டி ஓடத் தொடங்கும். சுமார் எட்டு நொடி ஓடும், பிறகு தீர்ந்துவிடும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் நாடாவைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். ஆக, ஒரு ஸ்வரத்தை எட்டு நொடிக்கு மேல் பிடித்து நிற்க வழியில்லை. நீளமான கார்வை வேண்டுமென்றால் விரல்களை மாற்றி மாற்றி, கேட்பவருக்குத் தெரியாமல் ஸ்வரங்களைக் கோத்துக்கொண்டே போக வேண்டும். மெக்டொனால்டு இதில் தேர்ந்த கை. அந்தக் கருவி மரப் பெட்டியும் இரும்பும் மோட்டாருமாக நான்கு ஆள் தூக்கும் கனம். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் மோட்டாரின் வேகம் மாறும், சுருதி நழுவும். ஊர் ஊராகத் தூக்கிப்போனால் நாடாக்கள் இடம் பெயரும். வீட்டில் ஓர் அறையில் வைத்து வாசிக்கச் செய்த கருவியை இவர்கள் கடல் கடந்து எடுத்துப்போனார்கள். பதிவுகளில் மெல்லோட்ரான் சற்றே தடுமாறுவது கேட்கும். எனக்கு அது குறையாகத் தோன்றியதே இல்லை. அந்தத் தடுமாற்றத்தில்தான் ‘எபிடாஃப்’ பாட்டின் துக்கம் முழுதாக இறங்குகிறது.

அக்டோபர் 29, முதல் கச்சேரி. இடம் நியூயார்க்கும் இல்லை, பாஸ்டனும் இல்லை. வெர்மான்ட் மாநிலத்தின் மலைப்பகுதியில் பிளெய்ன்ஃபீல்டு என்ற சின்ன ஊரில் இருந்த கோடார்டு கல்லூரி. ஹைட் பார்க்கில் லட்சக்கணக்கானவர்கள் முன் வாசித்தவர்களுக்கு அமெரிக்கா கொடுத்த முதல் அவை ஒரு சிறிய கல்லூரியின் மாணவர் கூட்டம். அடுத்து பாஸ்டன் டீ பார்ட்டி கிளப்பில் மூன்று இரவுகள், அக்டோபர் 30 முதல் நவம்பர் 1 வரை. பாஸ்டன் அந்நாளில் இங்கிலாந்துக் குழுக்களுக்கு நல்ல வாசல்; அந்த ஜனவரியில் லெட் செப்பலின் அங்கேதான் கூட்டத்தைக் கிறங்கடித்திருந்தது.

பிறகு சிகாகோ. கினெடிக் பிளேகிரவுண்டு கிளப்பில் அயர்ன் பட்டர்ஃபிளை, போகோ குழுக்களோடு கிரிம்சனும் அறிவிக்கப்பட்டிருந்தது. நவம்பர் 7 அன்று அந்தக் கிளப்பில் தீப்பிடித்தது. மீதி இரவுகள் போயின.

ஒரு கிளப் எரிந்தால் ஒரு குழு உடையுமா என்று கேட்கலாம். அந்தக் காலத்து அமெரிக்கப் பயணம் எப்படி அமைந்தது என்று பார்த்தால் புரியும். புதிய குழுவுக்குத் தினம் தினம் கச்சேரி கிடைக்காது. வார இறுதியில் ஒரு ஊரில் இரண்டு மூன்று இரவுகள், அவ்வளவுதான். வாரத்தின் மீதி நாட்களில் வேலை இல்லை. அப்படி இருக்கும்போது ஒரு வார இறுதி கைநழுவினால், நடுவில் பெரிய பள்ளம் விழுந்துவிடும். இங்கிலாந்தில் வாரத்துக்குப் பல இரவுகள் வாசித்தும், மீதி நேரம் ஒத்திகை செய்தும் பழகியவர்கள் இங்கே ஓட்டல் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கைல்ஸ் பிற்காலத்தில் தன் காரணங்களைச் சொன்னபோது விமானங்களிலும் ஓட்டல்களிலும் வீணான நேரத்தைத்தான் முதலில் குறிப்பிட்டார். அவருக்கு அப்போது 27 வயது, குழுவிலேயே மூத்தவர். மெக்டொனால்டுக்கு 23. வீட்டு ஏக்கம், லண்டனில் விட்டுவந்த காதலியின் நினைவு. எழுத நேரமிருந்தும் எழுத முடியாத மனநிலை.

நவம்பர் 21, 22 தேதிகளில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட். ஜோ காக்கர், ஃப்ளீட்வுட் மாக் ஆகியோரோடு ஒரே மேடை. கச்சேரி அமைப்பாளர் பில் கிரஹாமின் அரங்கம் அது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இருக்கைகள், இரவுக்கு இரண்டு காட்சிகள். வரிசையில் கடைசிப் பெயர் என்பதால் முதலில் ஏற வேண்டும், குறைந்த நேரத்தில் முடிக்க வேண்டும். 21-ம் தேதியின் பதிவு கிடைக்கிறது. ‘எ மேன், எ சிட்டி’, ‘எபிடாஃப்’, ‘ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்சாய்டு மேன்’. மூன்றே பாட்டுகள் போதும், இவர்கள் யாரென்று தெரிந்துவிடும். மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் கிடாரும் சாக்ஸும் பேஸும் டிரம்ஸும் ஒரே வரியைக் கிட்டத்தட்டக் கிசுகிசுப்பாக, மின்னல் வேகத்தில், சட்டென்று நின்று நின்று வாசிக்கும் ஒரு பகுதி வரும். நிற்கும் இடங்களில் அரை நொடி அமைதி. அந்த அமைதியில் ஒருவர் அவசரப்பட்டாலும் எல்லாம் குலையும். ஒருவரும் அவசரப்படவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் சிகாகோவில் வேலையற்று உட்கார்ந்திருந்தவர்கள் வாசிப்பது இது.

இதற்குப் பிறகு ஃப்ளோரிடா. பாம் பீச்சில் ஒரு கார்ப் பந்தயத் திடலில் நவம்பர் கடைசி மூன்று நாட்கள் நடந்த விழா; குளிரும் மழையும் சேறுமாக நினைவில் நிற்கும் விழா. கடைசியில் வந்தது மறுபடியும் ரோலிங் ஸ்டோன்ஸ். ஜூலையில் ஹைட் பார்க் புல்வெளியில் அவர்களுக்கு முன் வாசித்த கிரிம்சன், நவம்பரில் உலகின் மறுகோடியில் அதே குழுவின் விழாவில் நின்றது. அடுத்த வாரம், டிசம்பர் 6, ஸ்டோன்ஸ் கலிஃபோர்னியாவின் ஆல்டமான்டில் ஓர் இலவசக் கச்சேரியில் வாசித்தார்கள். அங்கே கூட்டத்தில் ஒருவர் கொல்லப்பட்டார். அந்த வாரம் கிரிம்சன் லாஸ் ஏஞ்சலிஸின் விஸ்கி அ கோ கோ கிளப்பில் இருந்தது. 1969-ன் கனவு எப்படி முடிந்தது என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் ஆல்டமான்டைத்தான் காட்டுவார்கள். அதே கரையில், அதே நாட்களில் இன்னொன்றும் முடிந்துகொண்டிருந்தது.

லாஸ் ஏஞ்சலிஸில் இருந்து கடலோரமாக வடக்கே சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போகும் வழியில் மெக்டொனால்டும் கைல்ஸும் ஃப்ரிப்பிடம் சொன்னார்கள்: நாங்கள் விலகுகிறோம். ஃப்ரிப்புக்கு அது நெஞ்சில் விழுந்த அடி. குழு உடையாமல் இருக்க வேண்டுமென்றால் தானே வெளியேறத் தயார் என்று அவர் சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். மெக்டொனால்டு அதை ஏற்கவில்லை. கிரிம்சன் என்பது எங்களைவிட உன்னுடையது என்று சொன்னாராம். இந்த உரையாடலை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் கனக்கும். உடையும் நேரத்தில்கூட ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த மரியாதை அதில் தெரிகிறது. பெயரைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போடும் குழுக்கள் எத்தனையோ. இங்கே ஒருவர் குழுவுக்காகத் தன்னையே விட்டுக்கொடுக்க முன்வருகிறார், இன்னொருவர் அந்தப் பெயரையே அவரிடம் விட்டுவிட்டுப் போகிறார்.

மெக்டொனால்டின் பக்கத்தில் இன்னொரு காரணமும் இருந்தது, அதை இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. இசை போன போக்கு அவருக்கு இருட்டாகத் தெரிந்தது. ஆல்பத்தில் மென்மையும் இருக்கிறது. ‘ஐ டாக் டு த விண்டு’ மாதிரி அமைதியான மெட்டு அவர் போட்டதுதான். மேடையிலோ ஹோல்ஸ்டின் போர் இசையான ‘மார்ஸ்’, ‘ஸ்கிட்சாய்டு மேன்’ இரண்டும்தான் கூட்டத்தை உலுக்கின. குழுவும் அந்தத் திசையில் சாய்ந்துகொண்டே போனது. இருட்டான இசையை இரவுதோறும் வாசித்துவிட்டு, பகலெல்லாம் தனிமையில் கழிப்பது ஓர் இளைஞனை என்ன செய்யும் என்று ஊகிப்பது கடினமில்லை. அவர் பலவீனமானவர் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆல்பத்தின் இசையில் பெரும்பங்கு அவருடையது. மேடையில் மூன்று நான்கு வாத்தியங்களின் சுமை அவர் தோளில். அப்படிப்பட்டவரை ஒரு மாதம் ஊருக்கு அனுப்பி ஓய்வெடுக்கச் சொல்ல யாரும் இல்லை. மேலாளர்கள் டேவிட் என்தோவனும் ஜான் கேடனும் திறமைசாலிகள். ஆனால் அவர்களும் இளைஞர்கள், இந்தத் தொழிலுக்கே புதியவர்கள். ஒரு குழுவை மேலே ஏற்ற அவர்களுக்குத் தெரிந்தது. ஏறியவர்களுக்கு மூச்சுவிட இடம் கொடுக்க அப்போது அந்தத் தொழிலில் யாருக்குமே தெரியாது.

முடிவு தெரிந்த பிறகும் கச்சேரிகள் மிச்சம் இருந்தன. டிசம்பர் 11 முதல் 14 வரை ஃபில்மோர் வெஸ்ட். சேம்பர்ஸ் பிரதர்ஸ், த நைஸ், கிங் கிரிம்சன். விலகப்போகிறோம் என்று சொல்லியாகிவிட்டது. இனி ஏனோதானோ என்று வாசித்துவிட்டு வீடு திரும்பியிருக்கலாம். 13, 14 தேதிகளின் பதிவுகளைக் கேளுங்கள். அந்த ஆண்டு முழுவதிலும் அவர்கள் இவ்வளவு சுதந்திரமாக வாசித்ததில்லை என்பது என் கருத்து. கைல்ஸின் டிரம்ஸ் குறிப்பாக. ராக் டிரம்மர்கள் அடித்து நொறுக்கிய காலத்தில் இந்த மனிதர் ஒவ்வொரு டிரம்மையும் ஸ்வரம்போலப் பயன்படுத்துகிறார். பாட்டின் வரிக்கு நடுவே உள்ள சிறு இடைவெளியில் ஒரு வாக்கியம் பேசிவிட்டுத் தாளத்துக்குத் திரும்புகிறார்.

அங்கே ‘ஸ்கிட்சாய்டு மேன்’ தொடங்கும் முன் ஃப்ரிப் மைக்கைப் பிடித்து, இந்தப் பாட்டை நாமெல்லாம் மிகவும் நேசிக்கும் ஓர் அமெரிக்க அரசியல் பிரமுகருக்குக் காணிக்கையாக்குகிறோம் என்று சொல்லி ஸ்பைரோ அக்நியூவின் பெயரைச் சொல்கிறார். அக்நியூ அன்றைய துணை ஜனாதிபதி. வியட்நாம் போரை எதிர்த்த மாணவர்களை மேடைக்கு மேடை திட்டியவர். பாட்டில் போரும் நேபாமும் இருக்கின்றன. சான் ஃபிரான்சிஸ்கோ கூட்டத்துக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் ‘மார்ஸ்’. கஸ்டவ் ஹோல்ஸ்ட் 1914-ல் எழுதத் தொடங்கிய ‘த பிளானட்ஸ்’ என்ற இசைத் தொகுப்பின் முதல் பகுதி இது, போர்க் கடவுளின் இசை. ஐந்தின் கணக்கில், நம் கண்ட நடையின் எண்ணிக்கையில், ஒரே தாள அச்சு திரும்பத் திரும்ப வரும். கைல்ஸ் அதை முதலில் காதுக்கு எட்டியும் எட்டாமலும் தொடங்குகிறார். அதன்மேல் மெல்லோட்ரான் மெதுவாக ஏறுகிறது. ஃப்ரிப்பும் லேக்கும் அதே அச்சில் வந்து சேருகிறார்கள். நிமிடத்துக்கு நிமிடம் சத்தம் ஏறுகிறது, தாளம் மட்டும் இம்மியும் அசைவதில்லை. ஒரு கட்டத்துக்குமேல் மெல்லோட்ரானின் வயலின்கள் வயலின்களாகவே இல்லை, அபாயச் சங்காக அலறுகின்றன. முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதியதை நான்கே பேர் இவ்வளவு அச்சமூட்டும்படி வாசித்திருக்கிறார்கள். அடுத்த ஆல்பத்தில் இதைப் பதிவு செய்ய நினைத்தபோது ஹோல்ஸ்டின் உரிமைதாரர்கள் அனுமதி மறுத்தார்கள். அதனால் அது மாற்றியமைக்கப்பட்டு ‘த டெவில்ஸ் டிரையாங்கிள்’ என்ற பெயரில் வந்தது. மேடையில் இருந்த நெருப்பில் கால்வாசிகூட அதில் இல்லை.

டிசம்பர் 14-ம் தேதியோடு முதல் கிங் கிரிம்சன் முடிந்தது. முதல் அமெரிக்கக் கச்சேரியிலிருந்து எண்ணினால் ஏழு வாரம்.

அதே மேடையில் வாசித்த த நைஸ் குழுவின் கீத் எமர்சனும் தன் குழுவின் எல்லையை எட்டியிருந்தார். அவருக்குத் தேவை ஒரு பாடகர், பேஸ் வாசிப்பவராகவும் இருந்தால் மேலும் நல்லது. லேக்குக்குத் தேவை ஒரு புதிய வீடு. ஃபில்மோர் வெஸ்ட்டில் இருவரும் பேசத் தொடங்கியது கார்ல் பால்மரோடு சேர்ந்து எமர்சன், லேக் அண்ட் பால்மர் ஆனது. 1970 ஆகஸ்டில் பிளிமத்தில் முதல் கச்சேரி, சில நாளில் ஐல் ஆஃப் வைட் விழா. ப்ரோக்ரெசிவ் ராக் என்ற, நீண்ட சிக்கலான அமைப்புகளை நாடும் ராக் வகையின் மிகப்பெரிய வியாபார வெற்றிகளில் ஒன்று, இன்னொரு குழுவின் சாவு வீட்டில் பிறந்தது. லேக் கிளம்பும் முன் ‘இன் த வேக் ஆஃப் பொசைடன்’ ஆல்பத்துக்குப் பாடிக் கொடுத்தார். அதற்கு ஈடாகக் குழுவின் ஒலிபெருக்கிச் சாதனங்களை எடுத்துக்கொண்டார். கைல்ஸும் அந்த ஆல்பத்துக்கு வந்து வாசித்துக் கொடுத்தார். பயணத்தில் வளர்ந்த ‘எ மேன், எ சிட்டி’ அதில் ‘பிக்சர்ஸ் ஆஃப் எ சிட்டி’ ஆயிற்று. ‘ட்ராப் இன்’ இன்னும் தாமதமாக, 1971-ல் ‘ஐலண்ட்ஸ்’ ஆல்பத்தில் ‘த லெட்டர்ஸ்’ என்று வேறு வரிகளோடு வந்தது. அடுத்த இரண்டு வருடத்துக்கு ஃப்ரிப் செலவழித்தது பெரும்பாலும் இந்தப் பயணத்தில் சேர்ந்த முதலைத்தான்.

மெக்டொனால்டும் கைல்ஸும் தங்கள் பெயரிலேயே ஓர் ஆல்பம் செய்தார்கள். இதமான, வெயில் படிந்த இசை. கிரிம்சனின் இருட்டுக்கு அவர்கள் சொன்ன பதில் அதுதான். கேட்கத் தவறாதீர்கள். மெக்டொனால்டு 1974-ல் ‘ரெட்’ ஆல்பத்துக்கு விருந்தினராக வந்து சாக்ஸபோன் வாசித்தார். மறுபடி முழு உறுப்பினர் ஆகிவிடுவார் என்ற பேச்சு எழுந்த நேரத்தில் ஃப்ரிப் குழுவையே கலைத்துவிட்டார். பிறகு மெக்டொனால்டு ஃபாரினர் குழுவின் நிறுவனர்களில் ஒருவர் ஆனார். 1969-ல் விலகியதற்கு வருந்துவதாகப் பின்னாட்களில் வெளிப்படையாகவே சொன்னார். கிரெக் லேக் 2016-லும், மெக்டொனால்டு 2022-லும், சின்ஃபீல்டு 2024-லும் மறைந்தார்கள்.

அவர்கள் உடையாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. இரண்டாவது ஆல்பம் இன்னும் பெரிதாக வந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பாட்டுகளின் மேடை வடிவங்கள் நம் கையில் இருக்கின்றன. ஆனால் 1972-ல் புரூஃபோர்டும் ஜான் வெட்டனும் டேவிட் கிராஸும் சேர்ந்த கிரிம்சன் நமக்குக் கிடைத்திருக்காது. ஒவ்வொரு முறையும் குழுவைக் கலைத்து வேறு ஆட்களோடு வேறு இசையைத் தொடங்கும் ஃப்ரிப்பின் வழக்கத்துக்கு முதல் பாடம் கலிஃபோர்னியாவின் அந்தக் கடலோரச் சாலையில் கிடைத்தது. இரண்டையும் தராசில் வைக்கச் சொன்னால் என்னால் முடியாது.

எங்கே தொடங்குவது? 1997-ல் ஃப்ரிப்பின் டிஜிஎம் நிறுவனம் ‘எபிடாஃப்’ என்ற தலைப்பில் 1969 மேடைப் பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டது. முதல் தட்டில் பிபிசி பதிவுகளும் ஃபில்மோர் ஈஸ்ட்டும், அடுத்து ஃபில்மோர் வெஸ்ட்டும் இருக்கின்றன. ஒலித்தரம் சில இடங்களில் கரடுமுரடு, பொறுத்துக்கொள்ளுங்கள். முழுவதும் வேண்டுமென்றால் 2020-ல் வந்த 1969 பதிவுகளின் பெரிய பெட்டி இருக்கிறது. அது முற்றிய ரசிகர்களுக்கு. புதிதாகக் கேட்பவர் ஆல்பத்தின் ‘எபிடாஃப்’ பாட்டை முதலில் கேட்டுவிட்டு, உடனே ஃபில்மோர் ஈஸ்ட் வடிவத்தைக் கேட்கட்டும். ஸ்டூடியோவில் லேக் கணக்காகப் பாடுகிறார். நியூயார்க்கில் அதே வரிகளை, மூன்று வாரமாக ஊர் ஊராகச் சுற்றிய குரலில் பாடுகிறார். அதன்பின் டிசம்பர் 14-ன் ‘மார்ஸ்’. ஹெட்ஃபோன் வேண்டாம், நல்ல ஸ்பீக்கரில், அக்கம்பக்கத்தார் பொறுக்கும் அளவுக்குச் சத்தமாக வையுங்கள்.